பட்ஜெட் எவ்வளவு சார்?

புது கிளையன்ட் கடைக்கு லோகோ வேண்டும் என்கிறார். 'உங்க பட்ஜெட் எவ்வளவு சார்?' என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், தப்பில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

10,000 ரூபாய் வேலைக்கு அவர் 50,000 என்றதும், கூசாமல் 48,000 சொன்னால், ஆளைப் பார்த்து ரேட் சொல்லும் ஆட்டோக்காரரைத் திட்டும் உரிமை போச்சு! விரும்பித்தானே தருகிறார் என்பீர்கள். அவருக்கு விலை தெரியாது, உங்களுக்குத் தெரியும். அங்கேதான் இடிக்கிறது.

அதே பணத்துக்கு விசிட்டிங் கார்டு, பெயர்ப்பலகை, கேரி பேக் எல்லாம் சேர்த்து டிசைன் செய்து தந்தால், நியாயம். இன்னொருவரிடம் 5,000-தான் இருக்கிறதா? மூன்று மாதிரிக்குப் பதில் ஒன்று காட்டுங்கள். வேலையைச் சுருக்கலாம், தரத்தைச் சுருக்கினால் அதுவும் ஏமாற்றுதான்.

நாளைக்கே இந்த இரண்டு பேரும் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, 'உங்ககிட்ட எவ்வளவு வாங்கினார்?' என்று பேசிக்கொள்ளலாம். ரசம் வருவதற்குள் உங்கள் நேர்மை தெரிந்துவிடும்!