நிவேதனத்தின் சுத்தம்

மும்பையின் மாஹிமில் வழிபாட்டுத் தலங்களுக்குக் குறைவில்லை. 1431இல் மறைந்த மக்தூம் அலீ மாஹிமியின் தர்காவும், புதன்கிழமைதோறும் நோவேனாவுக்காக மத பேதமின்றி ஜனங்கள் திரளும் புனித மிக்கேல் தேவாலயமும், சீதளாதேவி கோயிலும் அருகருகே அமைந்த இந்தப் பகுதியின் பெயரைச் சொன்னாலே, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துத் தாள் தாளாகச் செய்யும் மாஹிம் அல்வா பலருக்கு நினைவு வரும். ரயில் பாதையைத் தாண்டித் தாராவிக்குள் நுழைந்தாலோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியார் தை பிறக்கும் நாளில் வீதியோரம் வரிசையாகப் பானை வைத்து, கரும்பு சாத்திப் பொங்கலிடுவதைக் காணலாம். இனிப்பில்லாமல் நம்முடைய வழிபாடு நிறைவதில்லை. ஆதலால், மனிதரை வருத்திப் பெற்ற இனிப்பு இறைவனுக்கு நிவேதனமாகும் தகுதி உடையதா என்ற வினாவை நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நம் சாஸ்திரங்கள் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. சாந்தோக்கிய உபநிஷத்தில் ஸனத்குமாரர் நாரதருக்குச் செய்யும் உபதேசம், ஆகாரத்தின் சுத்தியிலிருந்து சித்தத்தின் சுத்தியைப் பிறப்பிக்கிறது. ஆகாரம் என்பதற்குப் புலன்களின் வழியே உள்ளே புகும் அனைத்தும் என்று சங்கரர் விரித்துப் பொருள் கொண்டார். உண்ணும் உணவையே கருதிய ராமாநுஜரின் மரபோ, பண்டத்தின் இயல்பினால் வரும் ஜாதி தோஷம், அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வரும் ஆச்ரய தோஷம், பிற பொருள் கலப்பதால் வரும் நிமித்த தோஷம் என்று மூன்றை விலக்கச் சொல்லிற்று. முதலாவதையும் மூன்றாவதையும் நம் மடைப்பள்ளிகள் இன்றளவும் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகின்றன. இரண்டாவதுதான் நம் வினாவுக்கு உரியது.

அந்த வினாவுக்கு விடை காணக் கரும்புத் தோட்டம் நடக்கும் முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். நெல் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும், கரும்பு காத்திராது. வெட்டிய கரும்பு ஒரு நாளைத் தாண்டிக் கிடந்தால் அதன் சர்க்கரைச் சத்துக் குறையத் தொடங்கும் என்பதால், நூறு கிலோ கரும்பிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோ சர்க்கரை எடுக்கும் ஆலைக்கு ஒவ்வொரு மணி நேரமும் லாபநஷ்டக் கணக்காகிவிடுகிறது. ஐப்பசியில் மூட்டிய கொதிகலன் சித்திரை வரையில் அணையாதிருக்கவேண்டி, வெட்டுகிறவர்கள் வயலருகிலேயே குடிசை போட்டுத் தங்கி, இருள் பிரியுமுன் எழுந்து, லாரி வரும் வேளையில், அது நள்ளிரவானாலும், கட்டுகளைத் தலையில் சுமந்து ஏற்றுகிறார்கள். ஆலையின் அவசரம் முழுவதும் இறுதியில் வந்து இறங்குவது அவர்களுடைய முதுகில்.

தக்காணத்தில் வாய்க்கால் பாசனம் வந்தபின் பெருந்தோட்டங்கள் எழுந்தன. 1919இல் ஹரேகாவில் பேலாப்பூர்க் கம்பெனி தோன்றியது. வால்சந்த் ஹீராசந்த் ராவல்காவிலும், பின்னர் அவர் பெயரே பெற்ற வால்சந்த்நகரிலும் கரும்பை விளைவித்தார். 1932இன் இறக்குமதிக் காப்பு வரி இத்தொழிலை ஊட்டி வளர்த்தது. 1950இல் பிரவரா நதிக்கரையில் விட்டல்ராவ் விகே பாட்டீலும் பொருளாதார அறிஞர் தனஞ்ஜயராவ் காட்கிலும் விவசாயிகளின் கூட்டுறவு ஆலையை நிறுவினார்கள். 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் கம்பெனிகளின் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றியது. இவையெல்லாம் மெய்யான முன்னேற்றங்களே. விவசாயி ஆலைக்கு உரிமையாளனானது சிறிய காரியமன்று. ஆயினும் வெட்டுகிறவனுடைய நிலை மாறவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் பீட் முதலிய வறண்ட ஜில்லாக்களிலிருந்து, நம்மவர் கங்காணி என்றழைத்திருக்கக்கூடிய முகாதம் கொடுக்கும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, லட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கொய்தா, அதாவது ஓர் அரிவாள், என்று கணக்கிடப்படுகிறார்கள். கூலியோ கணவன் கையில் சேர்கிறது. ஒரு நாள் ஓய்ந்தால் கூலி போவதோடு அபராதமும் சேரும். 2019இல் மாநில அரசு நியமித்த குழு, பீட் ஜில்லாவில் விசாரித்த 82,000க்கு மேற்பட்ட பெண்களில் 13,000க்கு மேற்பட்டோர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள் என்று கண்டது. மாதவிலக்கு நாட்களிலும் வேலைக்குத் தடை வரலாகாது என்ற நிர்ப்பந்தம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இதைப் படித்த பிறகும் சர்க்கரைப் பொங்கலை முன்போலவே கை நடுங்காமல் படைக்க எவரால் இயலும்?

இது நமக்கு அந்நியமான துயரமும் அன்று. 1791இல் இங்கிலாந்தில் மனசாட்சியுள்ள பலர், அடிமைகள் விளைத்தது என்பதற்காக மேற்கிந்தியச் சர்க்கரையைத் துறந்தார்கள். அடிமை முறை சட்டத்தால் ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் நம் நாட்டின் பக்கம் திரும்பினார்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பனுக்குக் கொண்டு சேர்த்தவர்களுக்கு, முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் என்ற ஐந்தாண்டு ஒப்பந்தம். 1911 வரையில் நேட்டாலுக்குச் சென்ற ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பாலோர் சென்னை வழியே போனவர்கள். எஜமானனிடம் அடிபட்டு ரத்தம் ஒழுகக் காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரம் ஒரு தமிழர். பிஜித் தீவில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடியது இந்த ஒப்பந்தக் கூலி முறை நடைமுறையில் இருந்த நாட்களிலேதான்.

இனி ஆச்ரய தோஷத்துக்கு வருகிறேன். இத்தோஷம் நெடுங்காலம் உழைப்பவனுடைய கையின்மீதே சுமத்தப்பட்டது. தாராவியின் தோல் பதனிடும் சாலைகளில் உழைத்த நம் மக்களை அசுத்தர் என்று ஒதுக்கியது அந்தப் பிழையான பிரயோகமே. அக்கருத்தை நேராக நிறுத்திப் பார்த்தால், தோஷம் அரிவாள் பிடித்த கையில் இல்லை. கூலியைக் குறைத்துக் கொடுக்கும் கையிலும், அதைக் கேளாமல் வாங்கி உண்ணும் கையிலும் இருக்கிறது. குரு நானக், செல்வனான மாலிக் பாகோவின் விருந்தை மறுத்து, தச்சரான பாயி லாலோவின் உலர்ந்த ரொட்டியை ஏற்றதாகச் சீக்கியர் சொல்லும் வரலாறும் இதையே காட்டுகிறது. சங்கரர் கொண்ட விரிந்த பொருளின்படி பார்த்தாலும், கண்ணால் கண்டு காதால் கேட்ட இந்தச் செய்தி நம் ஆகாரத்தில் சேர்ந்துவிட்டது. அறியாதவர்போல் இருப்பது இனிச் சித்தசுத்திக்கு உதவாது.

வெட்டுகிறவர்கள் தங்கள் பூர்வகர்மத்தை அனுபவிக்கிறார்கள் என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. அனுபவிப்பவனுடைய வினையைப் பற்றிப் பேசும் அவர்கள், அனுபவிக்கச் செய்பவனும் அக்கணத்திலேயே புதுவினை ஈட்டுகிறான் என்ற அதே சித்தாந்தத்தின் மறுபாதியை ஏன் விட்டுவிடுகிறார்கள்? கர்மக் கொள்கை நம் கடமையை வற்புறுத்த வந்ததேயன்றி, அதிலிருந்து விடுவிக்க வந்ததன்று. சந்தையில் தோஷமற்ற சர்க்கரை எங்கே கிடைக்கும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. கிடைக்காததுதான் உண்மை, ஆகவே பண்டத்தைத் துறப்பதைவிட அதன் பிறப்பிடத்தைத் திருத்துவதே இன்று நமக்குரிய பிராயச்சித்தம் என்று கருதுகிறேன்.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களில் கோயில்களையும் சமாஜங்களையும் நடத்தும் பெரியோர்களை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை வாங்குகிறவர்கள். உங்கள் சொல்லுக்கு மதிப்புண்டு. பெண்ணின் கூலியை அவள் பெயரிலேயே தரவேண்டுமென்று ஆலைகளுக்கும் அரசுக்கும் கையெழுத்திட்டு எழுதுங்கள். பொங்கலுக்குத் திரட்டும் நன்கொடையில் ஒரு பங்கை, பெற்றோர் வெட்டுக்குப் போகும் மாதங்களில் ஊரிலேயே தங்கிப் படிக்க வேண்டிய பீட் ஜில்லாப் பிள்ளைகளுக்கென்று அடுத்த தைக்குள் ஒதுக்கி வையுங்கள்.