பந்தலுக்குக் கீழே கீழாநெல்லி

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் நிழலில் கீழாநெல்லி தானாகவே முளைக்கும். சொட்டுநீர் ஈரம் போதும். முன்பெல்லாம் களையோடு பிடுங்கி எறிவேன். இப்போது நாட்டு மருந்துக் கடைக்காக விட்டுவைக்கிறேன். கரிசலாங்கண்ணிக்குப் பாத்தியே கட்டியாயிற்று. பந்தலுக்குப் பூச்சிமருந்து அடித்த கையோடு மட்டும் இலை பறிப்பதில்லை.

திராட்சைத் தோட்டத்தில் வேறு விதை விதைக்காதே என்கிறது விவிலியத்தின் இணைச்சட்டம் 22:9. மீறினால் மொத்த விளைச்சலும் விலக்கு. கிறிஸ்தவனான என்னை அது கட்டுப்படுத்தாது என்பார் பங்குச்சாமி. ஆனாலும் காரணம் சொல்லாத கட்டளை மனதைக் குடைகிறது.

கி.பி. 200 வாக்கில் யூத அறிஞர்கள் தொகுத்த மிஷ்னாவில் இதை அலசவே 'கிலாயிம்' என்று ஒரு பகுதி உண்டு. தோட்டத்தில் முள்ளை வளரவிட்டால்? தோட்டமே விலக்கு என்கிறார் ரபி எலியேசர். மக்கள் வேண்டுமென்று வைத்துக்கொள்ளும் செடிக்குத்தான் விலக்கு என்கிறார்கள் மற்றவர்கள். எலியேசர் பக்க நியாயமாக, மிஷ்னாவை விளக்கும் தல்மூது அரேபியாவைக் காட்டுகிறது: அங்கே ஒட்டகத்துக்காக முள்ளையும் காப்பார்களாம்.

அப்படியானால் குற்றம் செடியில் இல்லை, வேண்டும் என்ற நினைப்பில். பிடுங்கி எறிந்தவரை என் கீழாநெல்லி வெறும் களை. விலை வந்ததும் கலப்பு. உறுத்துகிறது, நியாயமாகவும் படுகிறது. லூக்கா 13-இல் இயேசு சொல்லும் உவமையிலும் திராட்சைத் தோட்டத்துக்குள் ஓர் அத்திமரம் நிற்கிறது. அது ஏன் அங்கே என்று யாரும் கேட்கவில்லை. காய்க்கவில்லை என்பதுதான் சொந்தக்காரரின் புகார்.