தோற்ற பின் தெரியும் நிய்யத்

நேற்றுவரை எதிர்த்தவருக்கு இன்று ஆதரவு திரட்டுவது நயவஞ்சகமா?

2008இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஹிலாரி கிளிண்டன், பராக் ஒபாமாவிடம் தோற்றார். ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்று மாதக்கணக்கில் பிரச்சாரம் செய்தவர் அவர். ஆனால் ஜூன் 7 அன்று தம் ஆதரவாளர்களிடம், தமக்காக உழைத்தது போலவே ஒபாமாவுக்காகவும் உழைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

பின்னர் அவருக்கு வெளியுறவு அமைச்சர் பதவி கிடைத்தது. அதை எதிர்பார்த்துத்தான் செய்தாரா? பிறர் உள்ளத்தை நாம் அறியோம். நம் உள்ளத்தைக் கேட்போம்.

பதவிக்காக நேற்றைய பேச்சை மறுத்தால் அது நயவஞ்சகம். குறை தெரிந்தும் பொதுநன்மைக்காகத் தோள் கொடுத்தால் அது நேர்மை. நாம் விரும்புவது நன்மையையா, நம் கையால் நடக்கும் நன்மையை மட்டுமா? வெற்றியில் இது தெரியாது, தோற்றால்தான் தெரியும்.