முன்வினையும் பிட்யூட்டரியும்

முதுமையில் பார்வை போனால் ‘எந்த ஜென்மத்துப் பாவமோ’ என்பது பழைய பேச்சு. ‘வாயைக் கட்டியிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா’ என்பது புதிய பேச்சு. ஒன்று முற்பிறவியைக் கூண்டில் ஏற்றுகிறது, மற்றது இப்பிறவியை. நோய்க்கு ஒரே காரணம்தான், அதுவும் நோயாளியின் செயல்தான் என்பதில் இரண்டும் ஒற்றுமை. உடலின் சர்க்கரையையும் வளர்ச்சியையும் ஆளும் ஹார்மோன்களுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவில் இதுவரை தெரியவந்தவை இரண்டு பேச்சையும் பொய்யாக்குகின்றன என்பது என் கட்சி.

பௌத்தம் இந்த வழக்கை எப்போதோ விசாரித்துவிட்டது. தம்மபத உரையின் முதல் கதையில் வரும் சக்குபாலர் என்ற துறவி, முற்பிறவியில் வைத்தியராக இருந்தபோது தம்மை ஏமாற்றப் பார்த்த பெண்ணின் கண்ணை மருந்திட்டே கெடுத்தவர். அதனால் இப்பிறவியில் குருடரானார் என்கிறது உரை. ஆனால் படுத்துக்கொண்டு மருந்து விடச் சொன்ன வைத்தியரின் பேச்சை அவர் கேட்கவில்லை என்பதும் அதே கதையில் இருக்கிறது. கதை சொன்னவருக்கே முன்வினை மட்டும் போதவில்லை போலும்! சம்யுத்த நிகாயத்துச் சீவக சூத்திரம் இன்னும் வெளிப்படை. மனிதர் நுகர்வதெல்லாம் முன்வினைப் பயனே என்ற கொள்கையை அங்கே புத்தர் மறுக்கிறார். பித்தம், கபம், வாதம், இவற்றின் கூட்டு, பருவ மாற்றம், முறைகெட்ட உடல்பேணல், பிறர் தாக்குதல் என ஏழு காரணங்களைச் சொல்லிவிட்டு, எட்டாவதாகத்தான் வினையை வைக்கிறார்.

1953இல் டென்மார்க் மருத்துவர் பௌல்சன் வெளியிட்ட ஒரு நோயாளியின் வரலாறு இந்த எட்டையும் நினைவூட்டும். நீரிழிவால் விழித்திரை கெட்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தை ஒட்டிப் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்தது. அதன்பின் விழித்திரைக் கோளாறு பின்வாங்கியது. அவள் எந்தப் புண்ணியத்தால் தேறினாள்? ஒரு கேடு இன்னொரு கேட்டைத் தடுத்தது, அவ்வளவுதான். பாவ புண்ணியக் கணக்குக்கு அங்கே வேலையே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு, பார்வையைக் காக்க அந்தச் சுரப்பியையே அகற்றும் சிகிச்சை 1950, 60களில் நடந்தது. சிலருக்குப் பார்வை நிலைத்தது. ஆயுள் முழுக்க ஹார்மோன் மருந்து அதற்கு விலை. லேசர் சிகிச்சை வந்தபின் அந்த அறுவை கைவிடப்பட்டது. அந்தச் சுரப்பியில் ஊறும் வளர்ச்சி ஹார்மோனும் ஐஜிஎஃப்-1 என்னும் அதன் துணைப்பொருளும் விழித்திரையில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைக்க உதவுகின்றன என்பது பிறகு விளங்கியது.

‘அப்படியானால் ஒழுங்காக இருப்பதில் பயனில்லையா?’ என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. 1993இல் அமெரிக்காவில் முடிந்த பெரிய நீரிழிவு ஆய்வில், கண் கெடாதவர்கள் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரை நோய் வரும் அபாயம் 76% குறைந்தது. ஆனால் ஏற்கெனவே கண் பாதித்தவர்களில் சிலருக்கு, அதே கட்டுப்பாட்டால் நோய் தொடக்கத்தில் முற்றியது. 2016இல் வெளியான, செமாக்ளூடைட் என்ற நீரிழிவு மருந்தின் ஆய்விலும் மருந்து பெற்றவர்களில் 3.0% பேருக்கும் பெறாதவர்களில் 1.8% பேருக்கும் விழித்திரைச் சிக்கல்கள் வந்தன. சர்க்கரை மளமளவென்று இறங்கியதே காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. நல்லது செய்தவருக்குத் தற்காலிகக் கேடு வருமென்றால், இதைத் தண்டனை என்று எந்த நீதியில் சேர்ப்பது? விழித்திரையின் நடுப்பகுதி கெடும் முதுமையின் மாகுலா சிதைவிலோ வயதும் புகைப்பழக்கமும் 2005இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு மாறுபாடும் கூடி நிற்கின்றன. ஹார்மோன்களின் பங்கு குறித்து ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

ஹார்மோன்தான் புதிய ஊழ் என்பார்கள் வேறு சிலர். ஊசியாலும் கத்தியாலும் மாற்றக்கூடிய ஒன்றை ஊழ் என்பது பொருந்தாது. வினை என்ற நம்பிக்கையைப் பிடுங்கினால் துன்பப்படுபவருக்கு ஆறுதல் ஏது என்ற கேள்விதான் கனமானது. தனக்குத்தானே ஒருவர் சொல்லிக்கொள்ளும் வரை அது ஆறுதல். அவரிடம் நாம் போய்ச் சொன்னால் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவர் மருத்துவரிடம் போகக் கூசுவார். நீரிழிவின் விழித்திரை நோயோ தொடக்கத்தில் வலியோ மங்கலோ காட்டாது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் பாவம், பத்தியம் என்று பேசுவதை நிறுத்திவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதிக்க அழைத்துச் செல்லுங்கள்.