அலாரத்தின் மௌனம்

கெண்டை மீன் தூண்டிலுக்கு மின்னணு அலாரம் வாங்குகிறவர்கள், அது எவ்வளவு சத்தமாகக் கத்தும் என்றுதான் கேட்கிறார்கள். அது சும்மா இருக்கும்போது அதை நம்பலாமா என்பதே என் கேள்வி.

இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் 1952-இல் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்த ரிச்சர்ட் வாக்கர்தான் இப்படியொரு மின் அலாரத்தை வடிவமைத்தவர். இன்றைய கருவியில் தூண்டில் நரம்பு ஒரு சிறு உருளைமேல் ஓடுகிறது. உருளை சுழன்றால் அதிலுள்ள காந்தம் உணரியைத் தூண்டும், ஒலி எழும். மழைநீர் உள்ளே புகக்கூடாது, காற்றுக்கெல்லாம் பதறக்கூடாது. கடையிலேயே நரம்பை விரலால் மெல்ல, மிக மெல்ல இழுத்துப் பார்ப்பேன். மீன் கரையை நோக்கி வந்தால் நரம்பு தளருமே, அதற்கும் ஒலிக்கிறதா என்றும் பார்ப்பேன்.

ஆனாலும் சில நேரம் கெண்டை இரையை உறிஞ்சிவிட்டு, நரம்பு அசையாமலே துப்பிவிடும். கருவியைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. பிரார்த்தனைக்குப் பதில் வரவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. அவருடைய உருளை சுழலவில்லை, அவ்வளவுதான். வந்து தொட்டுப் போனது எதுவுமில்லை என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? நல்ல அலாரம் வாங்கிய பிறகும் நான் நீரில் குமிழிகளைத் தேடுகிறேன். சேற்றைக் கிளறி மேயும் கெண்டை அவற்றை எழுப்பும். அந்த அடையாளம் எந்த உருளைக்கும் எட்டாது.