ஒத்திகையும் அரங்கேற்றமும்

கண்களைக் கட்டுகிறார்கள். கையிலுள்ள காசையும் விரலிலுள்ள மோதிரத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சட்டை ஒரு பக்கம் விலகியிருக்கிறது. ஒரு காலில் காலணி சரியாக இல்லை. இந்தக் கோலத்தில் ஒருவனை மூடிய கதவின்முன் நிறுத்துகிறார்கள். மூன்று முறை தட்டினால்தான் கதவு திறக்கும்.

பேயோட்டும் சடங்கோ என்று எண்ணுவீர்கள். அன்று, தோழர்களே! பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிஞர்களும் கலைஞர்களும் விரும்பிச் சேர்ந்த பிரீமேசன் சங்கம் புதியவனை ஏற்கும் முறை அது. 'லாட்ஜ்' என்று அவர்கள் அழைத்தது தங்கும் விடுதியை அல்ல. உறுப்பினர் கூடும் மன்றத்தை!

பகுத்தறிவாளனுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும், சிரித்து முடித்தபின் சிந்திக்கட்டும். காசைப் பறித்தது ஏன்? சடங்கின் நடுவே, 'ஏழைக்கு ஏதேனும் ஈக' என்று கேட்பர். கண்கட்டியவன் தடவிப் பார்ப்பான். கையில் ஒன்றும் இராது. இல்லாதவன் நிலை எத்தகையது என்பதை, இருப்பவன் ஒரு நொடியேனும் உணரவேண்டும் என்பதே நோக்கம். பிறகு கட்டை அவிழ்த்து ஒளியைக் காட்டுவர். கல்தச்சர் வேலையின்போது இடுப்பில் கட்டும் தோலாடை போன்று, வெண்தோல் ஒன்றை அணிவிப்பர். தூக்குக்குண்டு நேர்மையை உணர்த்தும். மூலைமட்டம் ஒழுக்கத்தை உணர்த்தும். மட்டப்பலகையோ சமத்துவத்தை உணர்த்தும். மட்டப்பலகை வைத்தால் கோமானும் கொத்தனும் ஒரே மட்டம்!

அந்த மட்டப்பலகையின் அருமை யாருக்குத் தெரியும்? மட்டம் தட்டப்பட்டவனுக்குத் தெரியும். 1781-இல் சால்ஸ்பர்க் பேராயரிடம் ஊழியம் பார்த்த இசைமேதை மொசார்ட், வியன்னாவில் பணியாட்களின் மேசையில் அமர்ந்து உண்ண நேர்ந்தது. அவருக்கு மேலிடத்தில் எசமானின் உடைப்பணியாளர், கீழிடத்தில் சமையற்காரர். ஊழியம் வேண்டாமென்று விலகப்போனவரைப் பேராயரின் அதிகாரியான பிரபு ஒருவர் காலால் உதைத்து வெளியேற்றினார். உதைபட்ட மொசார்ட், 1784 டிசம்பர் 14-இல் வியன்னாவில் மேசன் மன்றமொன்றில் சேர்ந்தார். வெளியே வணங்கி நிற்கவேண்டிய பிரபுக்கள், உள்ளே அவருக்குச் சகோதரர்கள்! ஊழியன் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட செவிக்கு, அந்தச் சொல் தேனாக இனித்திருக்கும் அல்லவா?

ஆனால், அந்தக் கதவு யார் யாருக்குத் திறந்தது? 1723-இல் இலண்டனில் அச்சான சங்கத்தின் சட்டநூல், அடிமைக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை என்று எழுதி வைத்தது. ஐரோப்பிய மன்றங்களில் 'பணிபுரியும் சகோதரர்' என்றே ஒரு வகுப்பு இருந்தது. அவர் பெயரால் சகோதரர், விருந்தில் பரிமாறுபவர்! சகோதரன் உண்ண, சகோதரன் ஏந்தி நிற்கும் சமத்துவம்!

மன்றத்தின் சடங்கு இது. இனி மாலைப் பொழுதின் மேடைக்கு வருவோம்.

1791 நவம்பர் நடுவில், தம் மன்றத்தின் புதிய கூடத்துக்கான திறப்புச் சடங்கிற்கென இசைப்பாடல் இயற்றி, மொசார்ட் தாமே நடத்தினார். மூடிய கதவுக்குள், உறுப்பினர் காதுக்கு மட்டும் அந்த இசை. அதே காலத்தில், நகர மதிலுக்கு வெளியே வீடன் புறநகரில், செப்டம்பர் 30-இல் அரங்கேறிய அவருடைய 'மாயப் புல்லாங்குழல்' கொட்டகையை நிரப்பிக்கொண்டிருந்தது. அதே செப்டம்பரில்தான் பிராகு நகரில் பேரரசரின் முடிசூட்டு விழாவுக்கு இத்தாலிய மொழியில் ஓர் இசைநாடகம் ஆக்கிக் கொடுத்திருந்தார். அரசவைக்கு அயல்மொழி, புறநகருக்கு மக்கள் பேசும் ஜெர்மன் மொழி! பாட்டும் பேச்சும் கலந்த கதையில், மன்றத்தின் இருளும் ஒளியும் சோதனையும் மேடையேறின. அரசகுமாரனாயிருப்பதைக் காட்டிலும் மனிதனாயிருப்பது பெரிது என்ற கருத்தைச் சீட்டு வாங்கிய எவனும் கேட்டான்.

அதுமட்டுமா? நாடகத்தில் வரும் குருமார் பெண்ணைப் பழித்துப் பேசுகின்றனர். ஆயினும் தீயும் நீரும் கடக்கும் இறுதிச் சோதனையில், காதலன் டாமினோவின் கைபற்றி உடன் நடப்பவள் பாமினா என்னும் பெண்! மன்றம் திறக்க மறுத்த கதவை மேடை திறந்துவிட்டது. மன்றச் சடங்கைவிட மேடை நாடகம் ஓரடி முன்னே சென்றது.

ஓரடிதான். அதே நாடகத்தில் ஞானத்தலைவன் சராஸ்த்ரோவுக்கு அடிமைகள் உண்டு. மொனொஸ்டாட்டோஸ் என்னும் கறுப்பன் கயவனாகவும் கேலிப்பொருளாகவும் வருகிறான்.

மேடைக்கு வெளியே, அதே வியன்னாவில், உயிருள்ள கறுப்பர் ஒருவர் வாழ்ந்தார். ஏஞ்சலோ சோலிமான் அவர் பெயர். ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிரபுக்களின் இல்லங்களில் பணியாற்றி, கல்வியால் உயர்ந்தவர். 1780-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், வியன்னாவின் புகழ்பெற்ற மேசன் மன்றம் அவரைச் சகோதரர் என ஏற்றது. பாராட்டத்தக்க செயல்; மறுக்கவில்லை. ஆனால் 1796-இல் அவர் இறந்தபோது நடந்ததென்ன? உடலின் தோலை உரித்துப் பாடம் செய்து, இறகும் சிப்பியும் சூட்டி, அரசரின் காட்சிசாலையில் காட்டுமனிதனாக நிறுத்தினர்! தந்தையின் உடலைக் கேட்டு மகள் மன்றாடினாள், கிடைக்கவில்லை. பாடம் செய்த அந்தத் தோல் 1848 கிளர்ச்சியின் நெருப்பில் எரிந்துபோனது.

மன்றத்துக்கு அப்போது தடையிருந்ததே என்பர். ஆம், 1795-இலேயே அரசு மன்றங்களைத் தடைசெய்துவிட்டது. மூடிய அறைக்குள் சிலர் சமமாய் அமர்வதைக்கூட முடியரசு அஞ்சியது என்றால், அந்த அறையில் ஏதோ உயிர் இருந்திருக்கிறது. அதை வெற்றுக்கூத்து என்று தள்ளிவிடமாட்டேன். ஆனால் கேட்கிறேன்: மன்றத்தைப் பூட்டினால் சகோதர உணர்வும் பூட்டிக்கொள்ளுமா? கதவுக்குள் மட்டும் வாழ்ந்த சமத்துவத்தைச் சாய்க்க, ஒரு பூட்டு போதுமானதாயிற்று! சகோதரர் என்ற சொல் சோலிமானின் தோலைக்கூடக் காக்கவில்லை.

ஒத்திகை வேண்டும். உயர்வு தாழ்வு ஊறிய உலகில், சமமாய் அமரப் பழகுவதற்கு நாலு சுவரும் ஓர் அறையும் தேவைதான். ஆனால் ஒத்திகை அரங்கேற்றம் ஆகாது. ஆண்டாண்டாய் ஒத்திகையே நடத்தி, வேடத்தின் அழகில் மயங்கி, நாடகத்தை மறந்தவனை நடிகன் என்று எவரும் சொல்லார்.

இளைஞர்களே! வியன்னாவைக் கண்டு நகைத்துவிட்டுப் போவது எளிது. நாமும் கூடுகிறோம், தோழர் என்று அழைக்கிறோம், ஒரே பந்தியில் உண்கிறோம். நல்ல ஒத்திகை! பந்தி முடிந்து, பந்தல் பிரித்து, விளக்கணைந்தபின், அதே தோழரைத் தெருவில் யாரென்று அழைக்கிறோம்? வீட்டுப் பெண்ணை எந்த இடத்தில் அமர்த்துகிறோம்? எச்சில் இலையை எடுப்பவர் நமக்கு யார்? அரங்கேற்றம் அங்கேதான், பார்வையாளர் அங்கேதான் காத்திருக்கின்றனர்.