பாடமும் பாடம் சொல்பவளும்

பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்திலுள்ள நியாலாஸ் போன்ற ஊர்களில் வாழ்வோர் இம்மாற்றத்தை நன்கறிவர். பயிர் மாறியது, தொழில் மாறியது, தோட்டத்து இளைஞர் பலர் நகரங்களை நாடிச் சென்றனர். ஆனால், தோட்டப்புறத்தில் பிறந்த பெண் தன்னைப் பற்றித் தானே கொண்டுள்ள எண்ணம் அதே வேகத்தில் மாறிற்றா? ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

ஒரு காட்சியை மனத்திற்கொள்வோம். பல்கலைக்கழகத்தில் பயிலும் தோட்டத்துப் பெண் ஒருத்தி விடுமுறைக்கு ஊர் திரும்புகிறாள். சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் பத்துச் சிறுமியரைக் கூட்டி, ஊதியம் ஏதுமின்றி, கணினிக்கு நிரல் எழுதக் கற்றுத் தருகிறாள். சிறுமியர் அவளை 'அக்கா' என்று அழைக்கின்றனர். அங்கே அவர்கள் கற்பவை இரண்டு பாடங்கள். ஒன்று, திரையில் தெரிவது. மற்றொன்று, அந்த அக்காவே. அவள் எப்படிப் பேசுகிறாள், தெரியாததைக் கேட்டால் என்ன சொல்கிறாள், பிழை நேர்ந்தால் அவள் முகம் எப்படி மாறுகிறது என்பனவற்றையெல்லாம் அவர்கள் கூர்ந்து பயில்கின்றனர். முதற்பாடம் மறந்து போகலாம். இரண்டாம் பாடம் எளிதில் மறவாது.

இங்கேதான் அறம் பற்றிய வினா ஒன்று எழுகிறது. அந்த அக்காவுக்கே தன் திறமையில் ஐயம் இருக்கலாம். தன் நிறத்தைப் பற்றியோ, தன் ஆங்கிலத்தைப் பற்றியோ உள்ளூரக் கூச்சம் இருக்கலாம். நல்ல முன்மாதிரியாக விளங்க வேண்டும் என்பதற்காக, இல்லாத தன்னம்பிக்கையை அவள் இருப்பதாகக் காட்டலாமா? காட்டினால் அது பொய்யாகாதா? காட்டாமல் தன் தாழ்வுணர்வை அப்படியே கொட்டிவிட்டால், அது அச்சிறுமியரின் நெஞ்சில் படியாதா?

படியும் என்பதற்குச் சான்று உண்டு. 2010ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சியன் பைலாக் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொடக்கநிலை முதலிரண்டு வகுப்புகளில் கற்பித்த 17 ஆசிரியைகளையும் அவர்தம் மாணவர்களையும் அவர்கள் ஓராண்டுக் காலம் கவனித்தனர். ஆண்டுத் தொடக்கத்தில், ஆசிரியைக்குக் கணக்கின்மீது இருந்த அச்சத்திற்கும் மாணவர் தேர்ச்சிக்கும் தொடர்பில்லை. ஆண்டு முடிவிலோ, அச்சம் மிகுந்த ஆசிரியையிடம் பயின்ற சிறுமியரிடையே, 'கணக்கு பையன்களுக்கு உரியது' என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணம் கொண்ட சிறுமியரின் கணக்குத் தேர்ச்சியும் குன்றியிருந்தது. சிறுவருக்கு அப்பாதிப்பு இல்லை. பெண் பிள்ளைகள் பெண்ணைப் பார்த்தே தம்மை அளந்தனர் என்பது இதனால் புலனாகின்றது. 'எனக்கும் கணக்கு வராது' என்று ஆசிரியை விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல், விளையாட்டாக முடிவதில்லை.

ஆயினும், பெண் தன்னைத் தாழ்வாக எண்ணுவதற்கு அவள் ஒருத்தியே பொறுப்பாகாள். நம் நாட்டு வரலாற்றையே பார்ப்போம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தடையற்ற வாணிப வட்டாரங்கள் உருவாயின. பினாங்கின் பாயான் லெப்பாசிலும் மலாக்காவின் பத்து பிரண்டாமிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இளம்பெண்கள் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து, மயிரினும் நுண்ணிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினர். அயல்நாட்டு முதலீட்டாளரை அழைக்க அக்காலத்தில் வெளியிடப்பட்ட விளம்பர ஏடு ஒன்று, கீழ்நாட்டுப் பெண்ணின் சிறிய கைகளையும் விரைந்த விரல்களையும் புகழ்ந்துரைத்தது. அவளது அறிவைப் பற்றி எழுத அதற்குத் தோன்றவில்லை. உலகத்துக் கணினிகளின் உள்ளுறுப்பைத் தொட்டுச் செய்தவள் அவள். ஆனால், அதன் பொருளை அறியும் உரிமை தனக்கும் உண்டென்று அவளிடம் சொல்வார் அரியர். கையைப் புகழ்ந்து கருத்தை மறந்த புகழ்ச்சி, புகழ்ச்சி வடிவில் வந்த இழிவே அன்றோ?

சொல்லைப் போலவே படமும் மனத்தை ஆள்கிறது. டேவிட் சேம்பர்சு என்பார், அறிவியலறிஞர் ஒருவரை வரையுமாறு கேட்டுத் திரட்டிய சிறார் ஓவியங்களைப் பற்றி 1983இல் எழுதினார். 4,807 சிறாருள் பெண் அறிஞரை வரைந்தோர் 28 பேர் மட்டுமே. அந்த 28 பேரும் சிறுமியரே. அதன் பின்னர் அமெரிக்காவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த கட்டுரை, பெண்ணை வரைவோர் சராசரியாக நூற்றுக்கு 28 பேராக உயர்ந்ததைக் காட்டியது. மனத்துப் படம் மாறக்கூடியது என்பதே இதன் பொருள்.

நம் நாட்டிலேயே அது மாறியிருக்கிறது. நார்வே நாட்டு ஆய்வாளர் விவியன் லாகெசன், மலாயாப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையைப் பற்றி 2008இல் எழுதியபோது, மேலைநாட்டில் காணாத ஒன்றை இங்கே கண்டதாகக் குறித்தார். அத்துறை மாணவருள் பாதிக்கும் மேலானோர் பெண்கள். கணினி ஆணுக்கே உரியது என்பது இயற்கை விதியன்று, வெறும் வழக்கமே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனி, நம் வினாவிற்குத் திரும்புவோம். அக்கா முகமூடி அணிய வேண்டுமா? வேண்டா என்பதே என் துணிபு. பிழையே செய்யாதவளாகத் தன்னைக் காட்டிக்கொள்பவள், சிறுமியர் வியந்து பார்க்கும் சிலையாவாள்; சிலையைப் போலத் தாமும் ஆகலாம் என்று எவரும் எண்ணுவதில்லை. மாறாக, அவள் எழுதிய நிரல் ஓடாமல் நின்றுவிடும் வேளையே நல்ல வேளை. அப்போது அவள், 'நான் மக்கு' என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டா. எல்லாம் தெரிந்தவள்போல் மழுப்பவும் வேண்டா. 'இது ஏன் ஓடவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. வாருங்கள், வரி வரியாகப் பார்ப்போம்' என்று சொன்னால் போதும். அச்சொல்லில் பொய் இல்லை, தாழ்வும் இல்லை. தெரியாமை இழிவன்று, தேடினால் தீர்வது என்னும் உண்மையை அவள் வாழ்ந்து காட்டிவிடுகிறாள். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று வகுத்த வள்ளுவரின் அளவுகோலுக்கும் இது பொருந்தும்.

முன்மாதிரி என்பவள் மிக உயரத்தில் நிற்க வேண்டியதும் இல்லை. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1940ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அ. லலிதா சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நின்றவர் அவர். அவருக்குமுன் அக்கல்லூரியில் பயின்ற பெண் எவருமிலர். பின்னர் பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்னும் இருவர் வந்து சேர்ந்தனர், மூவரும் பொறியாளராயினர். லலிதாவின் பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அச்சிட்டோரின் மனத்தில் பெண்ணுக்கு இடமில்லை. அவர் வந்து நின்ற பிறகே இடம் உண்டாயிற்று. எனினும், தனித்து நின்ற அவருக்குத் தேவைப்பட்டது பெரிய தலைவி அல்லர்; உடன் நடக்கும் தோழியர். தொண்டு செய்ய வருவோர் இதனை உளங்கொள்ள வேண்டும்.

ஆகவே, கற்றுத் தரச் செல்லும் மாணவியர்க்கு நான் சொல்ல விரும்புவன சிலவே. சிறுமியின் கையிலிருந்து கணினியைப் பிடுங்கி நீங்களே செய்து முடிக்காதீர்கள். அவள் நிறத்தையும் உடலையும் பற்றிய கேலிக்கு, அது உங்களைப் பற்றியதாகவே இருப்பினும், இடம் கொடாதீர்கள். விரல் விரைவைப் புகழ்வதினும், அவள் சிந்தித்த வழியைக் கேட்டறியுங்கள். ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு மறையாதீர்கள். வருவதாகச் சொன்ன அடுத்த சனிக்கிழமை தவறாமல் வாருங்கள். தன்னை நாடி ஒருவர் மீண்டும் வருகிறார் என்பதைக் காணும் சிறுமி, தான் மதிக்கத்தக்கவள் என்பதைப் பிறர் சொல்லாமலே அறிந்துகொள்வாள்.

அவள் வளர்ந்து தானும் ஓர் அக்காவாக வேறொரு மண்டபத்தில் அமரும் நாளில், உங்கள் பெயர் அவளுக்கு நினைவில்லாமற் போகலாம். நிரல் நின்றபோது அஞ்சாமல், 'வரி வரியாகப் பார்ப்போம்' என்று அவள் சொல்வாளானால், உங்கள் தொண்டு பயன் தந்துவிட்டது.